பவர் சிப்புக்கு டிரைவர் எழுதிய கோடை

பூட்லோடர் எழுதுகிற வேலையை ஒழுங்காகச் செய்தால் அப்படி ஒரு ஆள் இருப்பதே யாருக்கும் தெரியாது. தப்பாகச் செய்தால் மட்டும் கம்பெனியில் எல்லோருக்கும் பெயர் ஞாபகம் வந்துவிடும்.

மின்சாரம் வந்ததும் ஒரு கருவிக்குள் முதலில் கண் விழிக்கிற சின்ன நிரல்தான் பூட்லோடர். மெமரியை எழுப்பி, மற்றதையும் எழுப்பி, பெரிய நிரலிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். வீட்டில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து பால் காய்ச்சுகிறவருக்குக் கிடைக்கிற அதே நன்றிதான் இதற்கும்.

நான் ஷார்ஜாவில் மாஸ்டர்ஸ் கடைசி வருஷம். வாரத்தில் நான்கு நாள் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. நாங்கள் செய்வது வெயில் பெட்டி. கட்டட வேலை நடக்கிற சைட்டில் கம்பத்தின் மேல் உட்கார்ந்து சூட்டையும் ஈரப்பதத்தையும் அளந்து, எல்லை தாண்டினால் கத்தும். கத்தினால் ஆட்கள் நிழலுக்குப் போகலாம். ஃபோர்மேன் மறுக்க முடியாது, ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. கோடையில் மதிய வேலைக்குத் தடை இருக்கிறதே என்பீர்கள். காலை பத்து மணி வெயிலும் வெயில்தான். சவூதியில் இருக்கிற யான்புவுக்கு நாற்பது பெட்டி போகவேண்டும். அவை எழுந்து கத்துமா, எழாமலே கிடக்குமா என்பதுதான் இந்தக் கோடை முழுக்க என் பிரச்சினை. “இது சின்ன வேலைதானே” என்று யாராவது சொல்லிக் கேட்டு நொந்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் என் ஆள். வாருங்கள்.

ஒரே மாதிரி கால்

பெட்டிக்குள் பவர் மேனேஜ்மென்ட் சிப் என்று ஒன்று உண்டு. மெமரிக்கு இவ்வளவு வோல்ட், பிராசஸருக்கு இவ்வளவு வோல்ட் என்று பிரித்துக் கொடுப்பது அதுதான். நாங்கள் பயன்படுத்திவந்த சிப் சந்தையில் கிடைக்காமல் போனது. பர்ச்சேஸ் பார்க்கிற ஜலீல் காக்கா, காயல்பட்டினத்துக்காரர் (அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்), துபாய் தேய்ராவில் இருபது வருஷம் கடை வைத்திருந்தவர், அதே தயாரிப்பாளரின் வேறொரு சிப்பை வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். முகத்தில் அப்படி ஒரு வெற்றிக் களை.

பூட்லோடருக்கு இந்தச் சிப்போடு பேசத் தெரியாது காக்கா, பேசக் கற்றுக்கொடுக்கிற நிரலுக்குத்தான் டிரைவர் என்று பெயர், அதை நான் புதிதாக எழுதவேண்டும், வாங்குவதற்கு முன்னால் ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாம் என்று கால் மணி நேரம் வாதாடினேன். பொறுமையாகக் கேட்டார். பழைய சிப்பையும் புதிய சிப்பையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

“காலெல்லாம் ஒரே மாதிரிதானேம்மா இருக்கு, உள்ள என்ன இருந்தா நமக்கென்ன?”

காப்பியடிக்கச் சொன்னவர்

எங்கள் மேனேஜர் பஷீர் சார் ஜலீல் காக்காவை விட விவரமானவர். அதனால் அவருடைய யோசனை இன்னும் மோசமானது. பழைய டிரைவரைக் காப்பி எடுத்து, பெயரை மட்டும் மாற்றிவிடு என்றார்.

நான் மேனுவலைப் படிக்கிற ஜாதி. முந்நூறு பக்கம். பழைய சிப்பில் எண்ணை ஒன்று கூட்டினால் வோல்டேஜ் எப்போதும் ஒரே அளவு ஏறும். புதியதில் ஒரு எல்லை வரைக்கும் சின்னப் படி, அதற்கு மேல் இரட்டைப் படி. காப்பியடித்த டிரைவர் மெமரிக்குத் தப்பான வோல்டேஜைக் கொடுத்துவிட்டு, சரியாகக் கொடுத்ததாகத் திரையில் எழுதும். சும்மா சொல்கிற பொய்யை விட, கணக்குப் போட்டுச் சொல்கிற பொய் ஆபத்து இல்லையா? இதைப் படம் வரைந்து விளக்கினேன். சார் படத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், தாடியைத் தடவிக்கொண்டார்.

“ரெண்டு நம்பரை மாத்துறதுக்கு ஒரு வாரம் கேக்குற ஒரே பொண்ணு நீதான்.”

சோல்டரில் பிழை இல்லை

இது என் தப்பு. மறைக்கப் போவதில்லை.

முதல் நாள் சிப்பைக் கூப்பிட்டேன், பதில் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. போர்டில் ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு முகவரி எண் இருக்கும்; அந்த எண்ணில் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கும். மேனுவலில் போட்டிருந்த எண்ணையே போட்டிருந்தேன், எனவே நான் சரி. நான் சரி என்றால் சோல்டர் தப்பு. இப்படித்தான் என் தர்க்கம் ஓடியது. சோல்டர் வைக்கிறவர் ரஜனி அக்கா, மட்டக்களப்புக்காரர், பூதக்கண்ணாடி இல்லாமலே நூலிழைக் கால்களை ஒட்டுகிறவர். அவரை மூன்று முறை அந்தச் சிப்பைக் கழற்றி ஒட்ட வைத்தேன். மூன்றாம் முறை ஒட்டிய போர்டையும் ஒரு பூதக்கண்ணாடியையும் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அந்தக் கண்ணாடிதான் என்னை மறுபடி மேனுவலைத் திறக்க வைத்தது.

அந்த மேனுவல், ‘படி, எழுது’ என்று குறிக்கும் கடைசி பிட்டையும் முகவரியோடு சேர்த்து அச்சடித்திருந்தது. பூட்லோடருக்கு அதை நீக்கிவிட்டுக் கொடுக்கவேண்டும். அதாவது எண் பாதியாகும். இரண்டு நாளாக, இல்லாத வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். பாதியாக்கினேன், சிப் உடனே பதில் சொன்னது. அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். தலையைத் தூக்காமலே சொன்னார்:

“எண்ட வேலையில பிழை இல்லையெண்டு நான் நேற்றே சொன்னனான். நீங்கதான் படிச்ச பிள்ளையாச்சே, கேக்கயில்ல.”

கம்பத்தில் ஏறுகிறவர்

டிரைவர் முடிந்தது. ஆபீஸில் பெட்டி நூறு முறை போட்டால் நூறு முறையும் எழுந்தது. இரண்டு மாதிரிப் பெட்டிகளை மே மாதம் முன்கூட்டியே யான்புவுக்கு அனுப்பினோம். அங்கே எங்களுக்காகப் பெட்டி மாட்டுகிறவர் மாரியப்பன் அண்ணன், முதுகுளத்தூர் பக்கம், எலக்ட்ரீஷியன். இரண்டாம் நாளே அவரிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். வெயில் ஏறியதும் ஒரு பெட்டி அணைந்துவிட்டது, சாயங்காலம் குளிர்ந்த பிறகும் எழவில்லை.

பஷீர் சார் உலகத்தில் எல்லோரும் சொல்கிற மருந்தையே சொன்னார்: பிளக்கைப் பிடுங்கி மாட்டு. உள்ளே பேட்டரியும் இருப்பதால் அதையும் கழற்றி மாட்டவேண்டும். அண்ணன் கம்பத்தில் ஏறி, பெட்டியைத் திறந்து இரண்டையும் கழற்றி மாட்டினார், எழுந்துவிட்டது. அடுத்த நாள் மறுபடி அணைந்தது. மறுபடி ஏறினார். “சைட் கரண்ட் சரியில்லை” என்று சார் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார். நான் அண்ணனுக்கு மெசேஜ் போட்டு, பெட்டி அணைந்துகிடக்கிற நேரத்தில் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். பதிலும் வாய்ஸ் மெசேஜாகவே வந்தது.

“என்ன செய்வாக தங்கச்சி, வேலை செய்றாக. பெட்டி கத்துச்சா, கத்தலைல்ல, அப்போ சூடு மாஃபி, சூடே இல்லை, யல்லா யல்லா, வேலையப் பாருங்கங்குறாரு ஃபோர்மேன்.”

டேஷ்போர்டு

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் முதல் பங்கு எனக்கே. எங்கள் லேப்பில் ஏசி எப்போதும் பதினெட்டில் ஓடும், நாங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வெயில் பெட்டியைச் சோதிப்போம். வளைகுடாவில் வாழ்கிற நாம் எல்லோரும் இப்படித்தான்: வெயில் என்பது காரிலிருந்து கதவு வரைக்கும் ஓடுகிற தூரம். யாருக்கு அது பத்து மணி நேரம் என்று நினைத்துப் பார்ப்பதில்லை. இன்னொரு வழக்கமும் இருந்தது. எது மக்கர் பண்ணினாலும் கை முதலில் போவது பிளக்குக்கு. என் கையும்தான்.

வெள்ளிக்கிழமை லேப்பிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு அல் ஐனில் இருக்கிற வீட்டுக்குப் போனேன். அங்கே வாப்பா மொபைல் உதிரிச் சாமான் கடை வைத்திருக்கிறார். கடை வாசலில் நிற்கிற அவருடைய காரின் டேஷ்போர்டில் பெட்டியை வைத்து, கண்ணாடியை விரலளவு இறக்கி கேபிளை வெளியே இழுத்து, கடைக்குள் லேப்டாப்பில் சொருகி உட்கார்ந்தேன். இரண்டு மணிக்குப் பெட்டி அணைந்தது. உள்ளே கொண்டுவந்து ஆறவைத்து பட்டனை அமுக்கினேன். பூட்லோடர் ஒரே ஒரு வரி எழுதிவிட்டு, மெமரியை எழுப்ப முடியாமல் நின்றது. கை தானாக பேட்டரி வயரை நோக்கிப் போனது. கையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, சிப்பிடமே என்ன நடந்தது என்று கேட்டேன். அதாவது அதன் நினைவுக் கட்டங்களை ஒவ்வொன்றாகப் படித்தேன்.

பதில் அங்கேயே இருந்தது. சூடு தாங்காமல் தன்னைக் காத்துக்கொள்ள சிப் நின்றுபோனால், ‘சூட்டால் நின்றேன்’ என்று ஒரு குறி வைத்துக்கொள்ளும். யாராவது அதைப் படித்து அழிக்கிற வரைக்கும் மெமரிக்கு மின்சாரம் தராது. பழைய சிப்பில் இந்த வழக்கம் இல்லை. மேனுவலில் அடிக்குறிப்பாக இருந்தது. முந்நூறு பக்கமும் படித்தேன் என்று பீற்றிக்கொண்ட நான் அதைத் தாண்டிப் போயிருந்தேன். பிளக்கையும் பேட்டரியையும் பிடுங்கினால் குறி அழிந்துவிடும், பெட்டி எழுந்துவிடும், காரணமும் அழிந்துவிடும். எங்கள் மருந்தேதான் நோயை மறைத்திருக்கிறது. நான் கடைக்குள் குதிக்காத குறை. வாப்பா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“முடிஞ்சுதாம்மா? கார்ல கேபிளும் பெட்டியுமா என்னன்னு நாலு பேர் கேட்டாங்க. உள்ளதைச் சொன்னா பயந்துருவாங்கன்னு, மக சமூசா சூடு பண்றான்னு சொல்லிட்டேன்.”

கையெழுத்து

ஞாயிறு ஒரே நாளில் திருத்தம் எழுதினேன். டிரைவர் முதலில் அந்தக் குறியைப் படிக்கும். சிப் இன்னும் சூடாக இருந்தால் காத்திருக்கும். ஆறியதும் குறியை அழித்து மெமரியை எழுப்பும், சூட்டால் நின்றதைப் பதிவும் செய்யும். திங்கள் காலை போனால் நாற்பது பெட்டியும் பழைய நிரலோடு அட்டைப்பெட்டிக்குள் ஒட்டிக் கட்டி நிற்கிறது. செவ்வாய்க்கிழமை லாரி.

பஷீர் சார் பிரிக்க முடியாது என்றார். ‘பெட்டி எழாவிட்டால் பிளக்கையும் பேட்டரியையும் கழற்றி மாட்டவும்’ என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடலாமாம். கம்பத்தின் உச்சியில் இருக்கிற ஸ்டிக்கரைக் கீழேயிருந்து யார் படிப்பது என்று கேட்டேன். அணைந்த பெட்டிக்கும், சூடு இல்லாததால் சும்மா இருக்கிற பெட்டிக்கும் கீழே நிற்கிறவனுக்கு வித்தியாசம் தெரியுமா என்று கேட்டேன். சார் குரலை உயர்த்தினார், நான் உயர்த்தவில்லை. ஜெயிக்கப்போகிற வாதத்துக்குச் சத்தம் தேவையில்லை. எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சோதனைத் தாள் உண்டு, நிரலுக்குப் பொறுப்பானவர் கையெழுத்து இல்லாமல் லாரி ஏறாது. நாற்பது தாளையும் கையெழுத்தில்லாமல் அவர் மேசையில் அடுக்கினேன். மேலே என் போனை வைத்து மாரியப்பன் அண்ணனின் வாய்ஸ் மெசேஜை ஓடவிட்டேன். அந்த ‘யல்லா யல்லா’ அறை முழுக்கக் கேட்டது.

ரஜனி அக்கா எழுந்து கத்தியை எடுத்து முதல் அட்டைப்பெட்டியின் டேப்பை அறுத்தார். ஜலீல் காக்கா யாரும் சொல்லாமலே லாரிக்காரருக்குப் போன் போட்டு, “வியாழக்கிழமை வா பாய்” என்றார். சார் இருவரையும் பார்த்தார், பிறகு என்னை.

“பிரிங்க. ஆனா வழக்காடுனவதான் நாப்பதையும் திரும்பக் கட்டணும்.”

தூரத்து விமர்சகர்

நாங்கள் பயன்படுத்தும் பூட்லோடர் பொதுச்சொத்து, உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து எழுதுவது. என் டிரைவரையும் அதில் சேர்க்க அனுப்பினேன். பரிசீலிக்கிறவர் எங்கோ குளிர்ப் பிரதேசத்தில் இருக்கிறார் போல. முதல் கடிதத்தில் நிரலின் வரிகளில் இடைவெளி விட்டது சரியில்லை என்றார், திருத்தினேன். இரண்டாவதில் பெயர் வைத்தது சரியில்லை என்றார், வாதாடினேன், பாதி வென்றேன். மூன்றாவதில், எழும்போதே சிப் இவ்வளவு சூடாக இருக்கிற நிலைமை உண்மையில் வருமா, இந்தக் காத்திருப்பு தேவையா என்று கேட்டிருந்தார்.

டேஷ்போர்டில் எடுத்த அளவுகளை அப்படியே இணைத்து, ஜூலை மாதத்தில் இங்கே தினமும் வரும் என்று எழுதினேன். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது, டிரைவர் சேர்ந்துவிட்டது. ஆங்கிலத்தில் அவர் எழுதியதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

“நான் இருக்கும் ஊரில் இதைச் சோதிக்க வழியே இல்லை, உன் வெயிலை நம்பி ஏற்றுக்கொள்கிறேன்.”

யான்பு

நாற்பதும் கம்பம் ஏறின. முதல் கடும் வாரத்தில் நான் சரியாகச் சாப்பிடவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமை முற்பகல் மாரியப்பன் அண்ணனின் மெசேஜ். ஒரு பெட்டி சூட்டில் நின்றதாம், பத்து நிமிஷத்தில் யாரும் தொடாமல் தானே எழுந்ததாம், எழுந்த கையோடு கத்த ஆரம்பித்ததாம். பின்னணியில் அந்தச் சத்தம் எனக்கே கேட்டது. அதற்கும் மேலே ஆட்கள் சிரிக்கிற சத்தம்.

“எல்லாரும் நெழல்ல உக்காந்து தண்ணி குடிக்கிறோம் தங்கச்சி. இதை எப்படி நிறுத்துறதுன்னு ஃபோர்மேன் கேட்டாரு. மொதல்ல வெயிலை நிறுத்துங்க சார், அதுவா நின்னுக்கிரும்னு சொல்லிட்டேன்.”

பெட்டியைக் கத்தவைக்க ஒரு கோடை முழுக்கச் சண்டை போட்ட நான், இப்போதெல்லாம் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று வாடிக்கையாளர் அனுப்பும் மெயில்களுக்கு ‘முடியாது’ என்று மரியாதையாகப் பதில் எழுதுவதிலேயே பாதி நாளைக் கழிக்கிறேன்.