கூரைக்குக் கீழே ஒரு ஊர்வலம்

மாமாவின் விடுதி வாசலில் தொங்கிய பலகையில் 'கடற்காற்று வீசும் அறைகள்' என்று மூன்று மொழிகளிலும் எழுதியிருந்தது. அதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை என்பதை ஒரு வைகாசி மாதத்து மத்தியானம் காற்றே நேரில் வந்து நிரூபித்துவிட்டுப் போனது.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றின் கடைசி வீடு எங்களுடையது. எங்களுடையது என்றால் அம்மாவின் அண்ணனுடையது. அப்பா சவூதியில் வேலை பார்த்ததால் அம்மாவும் நானும் பின்னறையில் இருந்தோம். வீட்டுக்கு அப்பால் ரயில் தண்டவாளம், அதற்கு அப்பால் கருங்கற்கள், அப்புறம் கடல்தான். ஒரு காலத்தில் அந்த ஒழுங்கையில் பாதி வீடுகள் உல்லாசப் பயணிகளுக்கான விடுதிகளாம். வெள்ளைக்காரர்கள் வந்து, வெயிலில் படுத்துச் சிவந்து, இளநீர் குடித்துவிட்டுப் போவார்களாம். அவர்களை நம்பித்தான் மாமா மேல்மாடியில் தகரக் கூரை போட்டு நான்கு அறைகள் கட்டினார். அறைகள் கட்டி முடியவும் சண்டை தொடங்கவும் சரியாக இருந்தது. வெள்ளைக்காரர்கள் நின்றுபோனார்கள். யாழ்ப்பாணத்துச் சனம் வந்தது.

வந்தவர்கள் எல்லாரும் விசாவுக்குக் காத்திருந்தவர்கள். ஏஜென்சிக்காரனின் ரெலிபோன் அழைப்புக்குக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தவர்களுக்குக் கடல் ஒரு பொருட்டா? ஆனால் மாமா விடமாட்டார். ஒவ்வொருவரையும் மாடிக்குக் கூட்டிப்போய், ஜன்னலைத் திறந்து, கடலைக் காட்டிவிட்டுத்தான் அறைத் திறப்பைக் கையில் கொடுப்பார்.

அப்படி வந்தவர்களில் ஒருத்திதான் மாமியின் தங்கை மகள். முறைக்கு மச்சாள் என்றாலும் நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நோர்வேயில் இருந்த மாப்பிள்ளைக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை ஒரு மாத லீவில் கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் தன் சித்தப்பா வீட்டில் தங்கியிருந்தார். கல்யாணமும் அங்கேயே ஒரு மண்டபத்தில் என்று ஏற்பாடு. தோழிப்பெண் நான்தான். எனக்கென்று ரோஸ் நிறத்தில் அடுக்கடுக்காகச் சுருக்கம் வைத்த ஒரு சட்டை தைத்து அலுமாரியில் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தக் கல்யாணம் நடக்கவேண்டும் என்று மணமகனைவிடக் கூடுதலாக ஆசைப்பட்டவள் நானாகத்தான் இருக்கவேண்டும்.

அக்காவிடம் எனக்கு ஒரே ஒரு குறை. வந்த நாளிலிருந்து அவள் கேற் வாசலுக்குக்கூட வரமாட்டாள். கடலுக்குப் போவோம் என்று கையைப் பிடித்து இழுத்தால், "வெயில்ல கறுத்துப்போவன்" என்பாள். இவ்வளவு தூரம் வந்து கடலில் கால் நனைக்காத ஒரு பெண்ணை எனக்கு விளங்கவேயில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் பொன்னுருக்கு வந்தது. தாலிக்கான தங்கத்தைக் கொட்டாஞ்சேனையில் மாப்பிள்ளை வீட்டில் உருக்க, அதே நாளில் எங்கள் முற்றத்தில் மாமா கன்னிக்கால் நட்டார். முள்முருக்கங் கொப்பு ஒன்றில் மாவிலை கட்டி, மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்த கால் அது. அது நட்டானதும் மாமி சட்டம் போட்டார்: தாலி ஏறும் நாள்வரை பெண் வீட்டைவிட்டு வெளிக்கிடக் கூடாது. வெளிக்கிடாதவளுக்கே வெளிக்கிடாதே என்று சட்டம் போடுகிறார்களே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாள் மத்தியானம் கடல் கறுத்தது. மழை வரப்போகிறது என்று அம்மா கொடியிலிருந்து உடுப்புகளை எடுத்துக்கொண்டிருக்கும்போதே காற்று ஒரு பக்கமாக வந்து அவரைச் சுவரோடு சாய்த்தது. மாடித் தகரங்கள் முதலில் படபடத்தன. பிறகு ஆணிகள் கழன்று, ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிப் போயின. நாங்கள் எல்லாரும் சாப்பாட்டு மேசைக்குக் கீழே நுழைந்தோம். மாமி பயற்றம் பணியாரம் நிறைந்த பெரிய டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய முருகன் படம் சுவரிலிருந்து விழுந்தபோதுகூட அந்த டின்னை விடவில்லை. கடைசியாக முற்றத்துத் தென்னை சாய்ந்து, கூடத்தின் ஓட்டுக் கூரையைப் பிளந்துகொண்டு உள்ளே வந்து படுத்தது. அதோடு காற்றுக்கும் களைத்துப்போயிருக்க வேண்டும், நின்றுவிட்டது.

ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் வெளியே வந்து பார்த்தால் ஒழுங்கையை அடையாளம் தெரியவில்லை. பக்கத்து வீட்டு சிங்கள நோனாவின் விடுதியில் விறாந்தை இருந்த இடத்தில் வானம் இருந்தது. மின்கம்பத்தில் எங்கள் கட்டில் விரிப்பு ஒன்று கொடிபோலப் பறந்தது. தண்டவாளத்தில் தகரம் கிடந்ததால் ரயில் நின்று, பயணிகள் எல்லாரும் இறங்கி வந்து எங்கள் வீட்டை வேடிக்கை பார்த்தார்கள். மாமாவின் விடுதிக்கு அவ்வளவு கூட்டம் வந்தது அன்றுதான். மழைக்கும் காற்றுக்கும் அசையாமல் நின்றது கன்னிக்கால் ஒன்றுதான். மாமி அதைத் தொட்டுக் கும்பிட்டார்.

அன்றிரவு முழுசாக மிஞ்சிய ஒரே கூரையான குசினிக்குள் அடுப்போரம் நெருக்கியடித்துப் படுத்தோம். விடிந்ததும் ஹாஜியார் வந்தார். ஒழுங்கையின் மேல் முனையில், காலி வீதிப் பக்கமாக விடுதி வைத்திருந்தவர் அவர். மாமாவோடு தொழில் போட்டி. தினமும் மாலையில் மாமாவோடு டாம் காய் நகர்த்தி விளையாடுபவரும் அவரேதான்.

"ஒங்கட கூரை எங்கட மாமரத்துல குந்திக்கிட்டு இருக்குது," என்றார். "புள்ளைகள் எல்லாரும் சொகமா? சாமானைக் கட்டுங்க. கலியாணம் முடியுமட்டும் எல்லாரும் நம்மட ஊட்டுல இருங்க."

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாங்கள் வரலாம் ஹாஜியார். பொன்னுருக்கின பெட்டை எப்பிடிப் படி தாண்டுறது?"

"கூரையில்லாத ஊட்டுக்கு என்னத்த படி?" என்றார் ஹாஜியார்.

அவர்கள் இப்படி வழக்காடிக்கொண்டிருக்கும்போதுதான் நோனா உடைந்த மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்து ஒரு செய்தி சொன்னார். பின்னேரம் கிராம சேவகரும் பொலிஸும் ஒழுங்கைக்கு வருகிறார்களாம், கூரை போன வீடுகளுக்குள் ஏறிச் சேதம் பார்க்கப் போகிறார்களாம். நல்ல செய்திதானே, ஏதாவது உதவி கிடைக்கும் என்று நினைத்து நான் மாமாவைப் பார்த்தேன். அவர் முகம் தொங்கிப்போயிருந்தது. மாமியும் அவரும் குசினிக் கதவுக்குப் பின்னால் போய் ஏதோ குசுகுசுத்தார்கள். அக்கா எழுந்து போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். கல்யாணம் நின்றுவிடப் போகிறது என்று நினைத்தேன். அலுமாரியைத் திறந்து என் சட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

மாமா வெளியே வந்தபோது பழைய மாமாவாக இருந்தார்.

"இஞ்ச பாருங்கோ," என்றார். "வீடெண்டா என்ன? கூரைதானே? எங்கட கூரை ஹாஜியார் வீட்டை போயிட்டுது. அப்ப எங்கட வீடும் அங்கதான். பிள்ளை வீட்டை விட்டுப் போகேல்லை. வீட்டுக்குத்தான் போறாள்."

"இடையில ஒழுங்கை கிடக்கே," என்றார் மாமி.

"அதுக்கும் கூரை இருக்கு."

முற்றத்திலும் தண்டவாளத்திலும் கிடந்த தகரங்களை மாமா பொறுக்கச் சொன்னார். விசாவுக்குக் காத்திருந்த அங்கிள்மார் இரண்டு வரிசையாக நின்று, தகரத்தின் மேல் தகரம் கவிந்திருக்க, அவற்றைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார்கள். ஓரங்கள் இரண்டு பக்கமும் தாழ்ந்து தொங்கின. அதற்குக் கீழே, குனிந்தபடி, அக்கா. வீட்டுக்கூரை தலைக்குமேல் இருக்கும்வரை அவள் வீட்டுக்குள்தான் இருக்கிறாள் என்பது மாமாவின் கட்சி. சாத்திரம் சம்பிரதாயம் என்று வந்தால் ஒரு நூலிழைகூட விட்டுக்கொடுக்காத மாமி, அதற்கு உடனே ஒத்துக்கொண்டார். அவர் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்ட விஷயம் ஒன்றை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

தோழிப்பெண் என்ற உரிமையில் நானும் கூரைக்குக் கீழே நுழைந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஊர்வலம் புறப்பட்டது. என் ஆயுளில் எத்தனையோ கல்யாண ஊர்வலங்களைப் பார்த்துவிட்டேன், அதுபோல ஒன்றைப் பார்க்கவில்லை. உள்ளே எல்லாம் அரையிருட்டாகவும் புழுக்கமாகவும் இருந்தது. தெரிந்ததெல்லாம் கால்கள்தான். செருப்புப் போட்ட கால்கள், வெறுங்கால்கள், மாமாவின் ஒற்றைச் சப்பாத்து. மற்றதைக் காற்று கொண்டுபோயிருந்தது. யாராவது பின்தங்கி இரண்டு தகரங்களுக்கு இடையில் இடைவெளி விழுந்தால் மாமா கத்துவார்: "வானம் தெரியுது, வானம் தெரியுது! கிட்ட வாங்கோ!" நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அங்கிள்மாரும் சிரித்தார்கள். தகரங்கள் ஒன்றோடொன்று இடித்து மேளம்போல முழங்கின.

ஒழுங்கை வளையும் இடத்தில் மணல் மூட்டை அடுக்கிய ஆமிக் காவல் சென்றி ஒன்று இருந்தது. அங்கே வந்ததும் மேளம் நின்றது. தகரத்தின் ஓரத்துக்குக் கீழே இரண்டு கறுத்தச் சப்பாத்துகள் வந்து நின்றன.

"கொஹேத மேவா?" என்று ஒரு குரல் கேட்டது. இதெல்லாம் எங்கே போகிறது என்று அர்த்தம்.

மாமா சிங்களத்தில் பதில் சொன்னார். கூரையில் பாதி ஹாஜியார் வீட்டுக்குப் போய்விட்டது, மிச்சம் தனியாக இருந்து கவலைப்படுகிறது, அதையும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறோம் என்றார். சிரிப்புச் சத்தம் கேட்டது. முன்னால் போன மாமி டின்னைத் திறந்து பணியாரம் நீட்டியிருக்க வேண்டும், மொறுமொறுவென்று கடிக்கும் சத்தமும் கேட்டது. நாங்கள் மெல்ல நகர்ந்தோம்.

அப்போதுதான் எங்களுக்குப் பக்கத்தில் தகரம் பிடித்திருந்த, மூச்சுத்திணறல்காரரான அங்கிளுக்குக் கால் தடுக்கியது. தகரம் ஒரு பக்கமாகச் சரிந்தது. பளீரென்று வெயில் உள்ளே வந்து அக்காவின் பாதங்களில் விழுந்தது. மருதாணி வைத்து இன்னும் நிறம் மாறாத பாதங்கள். என் விரல்கள் நொறுங்கிவிடும்போல அவள் என் கையை இறுக்கினாள். சப்பாத்துகள் ஓடி வந்தன.

மறுகணம் தகரம் நிமிர்ந்தது. சரிந்த மூலையை அந்தச் சிப்பாய் தன் கையால் தூக்கிப் பிடித்திருந்தான்.

"ஹரி, யமு," என்றான். சரி, போவோம் என்று சொல்லிவிட்டு, ஹாஜியார் வீட்டு கேற் வரைக்கும் அந்த மூலையைச் சுமந்துகொண்டே வந்தான்.

பிறகு நடந்ததெல்லாம் கொண்டாட்டம்தான். ஹாஜியார் வீட்டு முற்றத்தில் மூங்கில் நட்டு எங்கள் தகரங்களைப் பரப்பினோம். அதற்குக் கீழேதான் பலகாரச் சூடு, படுக்கை, சண்டை, சமாதானம் எல்லாம். மாமிக்கென்று ஹாஜியார் புதுச் சட்டி பானை வாங்கிக் கொடுத்தார். நாங்கள் இருந்தவரைக்கும் அந்த வீட்டில் இறைச்சி சமைக்கவில்லை. கல்யாணத்தன்று பூச்சோடித்த காரில் அக்கா கொட்டாஞ்சேனைக்குப் போனாள். மணப்பெண்ணின் காரை எந்தச் சென்றியிலும் மறிக்கவில்லை. எல்லோரும் கை காட்டி அனுப்பினார்கள். ரோஸ் சட்டையில் நான் மணமகளைவிட அழகாக இருந்ததாக ஹாஜியாரின் மனைவி சொன்னதை இன்றைக்கும் நான் மறுக்கவில்லை.

அக்கா புருஷனோடு பிளேன் ஏறிப்போன பிறகு ஒழுங்கை தன் வேலையைப் பார்த்தது. முதலில் நோனாவின் விறாந்தை, பிறகு எங்கள் கூரை, கடைசியாக ஹாஜியாரின் ஜன்னல்கள் என்று மூன்று விடுதிக்காரர்களும் முறைவைத்துச் சேர்ந்து கட்டினார்கள். புதுக் கூரையின் கீழே முதல் அறையைக் கேட்டு வந்தவரை மாமா மாடிக்குக் கூட்டிப்போய், வழக்கம்போல ஜன்னலைத் திறந்து காட்டினார்.

பள்ளிக்கூடத்தில் இந்தக் கதையை நான் சொல்லாத ஆள் கிடையாது. பொன்னுருக்கின பெண் வீட்டைவிட்டு வெளிக்கிடக் கூடாது என்ற எங்கள் வழக்கத்துக்கு ஆமிக்காரனே மரியாதை கொடுத்துக் கூரை பிடித்தான் என்று மூச்சுவிடாமல் சொல்வேன். வளர்ந்து, ஒருநாள் கொழும்பில் தங்கும் தமிழர் எல்லாரும் செய்யவேண்டிய பொலிஸ் பதிவுக்காக வெயிலில் வரிசையில் நின்று திரும்பிய பிறகுதான், அக்கா இந்த வரிசையில் நின்றதே இல்லையே என்று மாமியிடம் கேட்டேன்.

"அவள் எப்பிடி நிக்கிறது பிள்ளை?" என்றார் மாமி. "கொழும்பில நிக்கிறதுக்குக் குடுத்த பாஸ் முடிஞ்சு கனநாள். திருப்பிக் கேட்டும் குடுக்கேல்லை. அண்டைக்குப் பொலிஸ் வீட்டுக்குள்ள வந்திருந்தாலோ, சென்றியில கண்டிருந்தாலோ, அவளைக் கொண்டுபோயிருப்பாங்கள். கலியாணமும் இல்லை, ஒண்டும் இல்லை."

அதற்குப் பிறகு அந்த ஊர்வலத்தை எத்தனையோ தடவை மனதுக்குள் நடத்திப் பார்த்துவிட்டேன். பளீரென்ற வெயிலில், ஆம்பிளைகளின் கால்களுக்கு நடுவே இருந்த அந்த மருதாணிப் பாதங்களை அவன் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. மூலையைத் தூக்கியவன், அதைக் கொஞ்சம் தாழ்த்தித்தான் பிடித்துக்கொண்டான். எட்டி நடந்தால் அவனுக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாத தூரத்தை, அந்தச் சப்பாத்துகள் குனிந்து நடந்த அக்காவின் அடிக்கு அடி வைத்து, மிக மெதுவாகக் கடந்தன. அவை என்னுடைய சின்னக் கால்களுக்காகத்தான் அப்படி நடக்கின்றன என்று நினைத்துக்கொண்டு, நான் வழிமுழுக்க வேண்டுமென்றே இன்னும் மெதுவாக நடந்தேன்.