எட்டுக் குட்டிகளும் கொஞ்சம் சாம்பிராணியும்

ஊரே எலியைப் பிடிக்கச் செலவு செய்கிறது. எலியைக் காப்பாற்றச் சம்பளம் வாங்கும் என்னைப் போன்றவர்கள் சிலர்தான். அம்பத்தூரில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் எலிக்கூண்டுகள் என் பொறுப்பு.

கூலியாள்

ஆராய்ச்சி மாணவி ஜெனிஃபர், பக்கத்தில் கோவில்பதாகை ஊர்ப் பெண். குட்டியின் மூளை வளரக் கொழுப்பு அமிலம் வேண்டும், அது தண்ணீரில் கரையாது, செல்லுக்குள் ஒரு புரதம்தான் அதைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்க்கிறது என்று எங்களுக்கு விளக்கினாள். பிறந்த குட்டிகளின் மூளையில் அந்தப் புரதத்தைக் கண்டு காட்டினால்தான் அவளுக்குப் பட்டம். ஏற்கெனவே இரண்டு ஈற்றுக் குட்டிகளைத் தாய் எலி தின்றுவிட்டது. இது கடைசி வாய்ப்பு.

கேட்டுக்கொண்டிருந்த காவலாளி ஏகாம்பரம் சொன்னார்: "அப்போ அது மூளைக்குள்ள கீற கோயம்பேடு மார்க்கெட் கூலியாளுன்னு சொல்லு கண்ணு!"

பொட்டு வைத்த கூண்டு

எட்டுக் குட்டிகள் பிறந்தன. மறுநாள் ஆயுத பூஜை. காலையில் எலி அறையைத் திறந்தால் ஒரே புகை. கூண்டுகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். புது வாசனை பட்டால் தாய் எலி குட்டிகளை ஒதுக்கும், தின்றாலும் தின்னும். அது ஒரு மூலையில் நடுங்கிக்கொண்டிருந்தது. குட்டிகள் சிதறிக் கிடந்தன. ஜெனிஃபர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

சாம்பிராணித் தட்டோடு நின்ற ஏகாம்பரம் கேட்டார்: "மிஷினுக்கெல்லாம் காட்டிட்டு இதுங்கள மட்டும் வுட்டா, பாவம், இன்னா நெனைக்கும் அண்ணாத்தே?"

வெள்ளை வயிறு

கூண்டைப் புகையில்லாத அறைக்கு மெல்ல மாற்றினேன். ஜெனிஃபர் கையுறை போட்டு, அதே கூண்டின் பழைய படுக்கைப் பஞ்சால் ஒவ்வொரு குட்டியையும் தடவி, கூட்டின் வாசனையை மேலே ஏற்றினாள். விளக்கை அணைத்தோம். சாயங்காலம் வரை கதவைத் தொடவில்லை.

பிறகு எட்டிப் பார்த்தேன். எலிக்குட்டி பால் குடித்தால் மெல்லிய தோலுக்குள் வயிறு வெள்ளையாகத் தெரியும். எண்ணினேன். திரும்பவும் எண்ணினேன். எட்டும் வெள்ளை! எனக்குச் சத்தமாகப் பேசவே வராது, அன்று கத்திவிட்டேன்.

அவற்றில் மூன்று பின்னர் ஆராய்ச்சிக்குப் போயின. இந்த வேலையில் அதுவும் உண்டு. நுண்ணோக்கியில், சாயமேற்றிய மூளைத் துண்டில் அந்தப் புரதம் பச்சைப் பச்சையாய், நூல் நூலாய் ஒளிர்ந்தது. பேராசிரியர் பார்த்துவிட்டு, "எழுத ஆரம்பிம்மா" என்றார். ஜெனிஃபர் அழுதுகொண்டே சிரித்தாள்.

தன் முறை வந்ததும் ஏகாம்பரம் குனிந்து பார்த்தார்: "சாமிக்குக் காட்டுன பொகை வீணா பூடுமா? இன்னாமா ஜொலிக்குது பாரு!"

எட்டு வயிறுகளை இருமுறை எண்ணியவன் நான், தடவிப் பிழைக்க வைத்தவள் ஜெனிஃபர், ஆனால் எங்கள் கூடத்தில் இன்றுவரை பெயர் வாங்குவது சாம்பிராணிதான்.