தட்டு வைத்துவிட்டுப் போனவள்

எங்கள் வீட்டில் நேரத்துக்குச் சாப்பிட்டவை கோழிகள் மட்டும்தான். இதைப் பல வருஷம் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகும் வழியில் எங்களுக்கு முட்டைக்கோழிப் பண்ணை. காலை ஆறு மணிக்குத் தீனி விழவில்லையென்றால் கூண்டிலிருக்கும் அத்தனை கோழியும் சேர்ந்து கத்துகிற கத்தலில் பக்கத்துக் காட்டுக்காரர் எழுந்து வந்து என்ன ஆச்சு என்று கேட்பார். அரை மணி நேரம் தாமதித்தால் மறுநாள் முட்டை குறையும்.

மக்காச்சோளம் எவ்வளவு, சோயாப் புண்ணாக்கு எவ்வளவு, கருவாட்டுத் தூள் எவ்வளவு, ஓடு கெட்டியாவதற்குக் கல்மாவு எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நாலு முட்டை ஓடில்லாமல் தொளதொளவென்று விழுந்தால் போதும், அன்றைக்கே தீனியை மாற்றிவிடுவோம். எனக்கு ஒரே மகள். அவள் முகம் எப்போது வெளுக்க ஆரம்பித்தது என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது.

அவள் பள்ளிக்கூடம் போன நாட்களில் காலைச் சாப்பாடு என்றால் ஆம்லெட்தான். பண்ணைக்காரர் வீட்டில் நல்ல முட்டை சமைக்க மாட்டோம். வண்டியில் ஏற்ற முடியாத கீறல் முட்டைதான் அடுப்படிக்கு வரும். முதல் நாள் ஒதுக்கி வைத்த கீறல் முட்டையில் இரண்டை உடைத்து ஊற்றி, புரட்டி, தட்டில் போட்டு, பக்கத்தில் இரண்டு பிரெட் வைத்து மூடிவிட்டு நான் செட்டுக்கு ஓடிவிடுவேன். கோழிக்கூண்டுக் கொட்டகையை நாங்கள் செட்டு என்போம். என் வீட்டுக்காரர் எனக்கு முன்பே அங்கே இருப்பார். மகளுக்கு ஏழேகாலுக்கு வேன். எழுந்து, குளித்து, அவளே சடை பின்னி, மூடியைத் திறந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். நான் திரும்பி வரும்போது தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும்.

சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் நான் அடித்துக்கொண்ட பெருமை கொஞ்சநஞ்சமல்ல. "எம்பொண்ணுக்குச் சொல்லவே வேண்டியதில்லீங்க. தின்ன தட்டைக் கழுவிக் கவுத்து வச்சுட்டுத்தான் வேன் ஏறுவா" என்பேன். மற்ற பெண்கள் தங்கள் பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டு ஊட்டிவிட்டுக் கை வலிக்கிறது என்று புலம்பும்போது எனக்கு உள்ளூர ஓர் இளக்காரம்.

அவள் படித்து முடித்துப் பெங்களூரில் வேலைக்குப் போனாள். மூன்றாவது வருஷம் ஒரு நாள் ஆபீசிலேயே மயங்கி விழுந்தாள் என்று கூட இருந்த பெண் போன் செய்தாள். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. போய்க் கூட்டிவந்து சேலத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். புண். தலைவலிக்கென்று வெறும் வயிற்றில் மாத்திரை மாத்திரையாக விழுங்கியிருக்கிறாள்.

ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே டாக்டர் கேட்டார். "காலையில சாப்பிடறதை எப்ப நிறுத்துனீங்க?"

வேலைக்குப் போன பிறகு என்றுதான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். ஹாஸ்டல் சாப்பாட்டைத் திட்டுவதற்கு வாயில் வார்த்தை தயாராக இருந்தது.

"ஆறாவதுல இருந்துங்க டாக்டர்" என்றாள்.

டாக்டர் என்னைத்தான் பார்த்தார். ஆறாவது என்பது நாங்கள் இரண்டாவது செட்டு போட்ட வருஷம். அதுவரை கோழி கம்மி, நான் வீட்டிலிருந்து அவளுக்கு ஊட்டிவிட்டுத்தான் அனுப்புவேன். இரண்டாவது செட்டு வந்த பிறகுதான் இந்த மூடிவைத்த தட்டு.

நான் கோபக்காரி. குற்றம் என் மேல் இருந்தால் கோபம் இன்னும் கூடும். திரும்பி வரும் பஸ்ஸில் ராசிபுரம் தாண்டியதும் அடக்க முடியாமல் கேட்டேன். "அப்ப நாஞ் செஞ்சு வச்சதெல்லாம் எங்கடி போச்சு?"

"நாய்க்குப் போட்டுருவேனுங்கம்மா."

"ஏன்டி? ஊருக்கே முட்டை போவுது, உனக்குத் திங்கக் கசந்துச்சா?"

முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "முட்டையெல்லாம் ஒண்ணுமில்லீங்கம்மா. ஊட்டுல யாருமே இல்லாம எனக்குத் தொண்டையில எறங்காது. நீங்க வந்து திட்டுவீங்கன்னு தட்டைக் கழுவி வச்சிருவேன்."

அந்த நாய் அந்த வருஷங்களில் மினுமினுவென்று இருந்தது. கோழிப்பண்ணை நாய், செத்த கோழியைத் தின்று கொழுத்திருக்கிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். பஸ்ஸில் மீதி வழி முழுக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். என் வாழ்க்கையில் அது பெரிய விஷயம்.

டாக்டர் ஒரு மாதம் வீட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார். காரம் கூடாது, எண்ணெய் கூடாது, நேரம் தவறக் கூடாது. சரி, இதைவிட எனக்குத் தெரிந்த வேலை என்ன இருக்கிறது என்று கச்சை கட்டிக்கொண்டு இறங்கினேன். ராகியை முளைகட்டிக் காயவைத்து அரைத்துப் பாலில் கஞ்சி. சாமை அரிசியும் பாசிப்பருப்பும் குழைய வெந்த பொங்கல், அரை ஸ்பூன் நெய். இட்லி, அதற்கு மிளகாய் இல்லாத தேங்காய்த் துவையல். மதியத்துக்குச் சுரைக்காய்க் கூட்டு, நாளுக்கு ஒரு கீரை. கோழிக்கு விட்டமின் பொடி நிறுக்கும் சின்னத் தராசைக் கழுவி அடுப்படிக்கே கொண்டுவந்துவிட்டேன். எந்த வேளைக்கு என்ன, எத்தனை கிராம் என்று செட்டில் ஒட்டுவது போலவே ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன்.

அதைப் பார்த்து என் வீட்டுக்காரர் சிரித்தார். "ஏம்புள்ள, செட்டுல மாதிரி இன்னும் ரெண்டு பல்பு கட்டித் தொங்கவுட்டீன்னா பாப்பா முட்டையே போட்டிரும்." மகளும் சிரித்தாள். நான்தான் முறைத்தேன்.

ஆறு மணிக்குத் தீனி. அதனால் ஐந்தே முக்காலுக்குள் அவளுடைய காலைச் சாப்பாடு தயாராகிவிடும். தட்டில் வைத்து, மூடி, "ஆறரைக்குத் தின்னுரு சாமி" என்று குரல் கொடுத்துவிட்டு நான் செட்டுக்குப் போய்விடுவேன். திரும்பி வரும்போது தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும். இதை எழுதும்போது எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது. பஸ்ஸில் அவள் சொன்னதைக் கேட்டு அழுதவள், ஒரு வாரம் கூட ஆகவில்லை, அதையே மறுபடி செய்துகொண்டிருந்தேன். சமையலைத்தான் மாற்றியிருந்தேன். அவள் சொன்னது சமையலைப் பற்றியே இல்லை.

ஏழாவது நாளோ எட்டாவது நாளோ, மோட்டார் ரூம் சாவியை மறந்து பாதியில் வீட்டுக்கு வந்தேன். மகள் பின்வாசல் வாழைக்குழியில் குனிந்து நின்று பொங்கலை வழித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பதினொரு வயதுப் பிள்ளை போலத் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று எழுத வேண்டாம். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு, "நீங்க உக்காருங்கம்மா, நான் திங்கறேன்" என்றாள். அவ்வளவுதான் அவள் கேட்டது. எத்தனையோ பொருள் வாங்கிக்கொடுத்திருக்கிறோம். ஒன்றும் அவளாகக் கேட்டதில்லை. இது ஒன்றைக் கேட்டாள்.

"சத்தியமா நாளையிலிருந்து உக்கார்றேன் கண்ணு" என்றேன்.

உட்கார்ந்தேன். வீட்டுக்காரரும் வேலைக்கு இருந்த குடும்பமும் தீனியைப் பார்த்துக்கொண்டார்கள். முதல் நாள் எனக்குக் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. காது செட்டிலேயே இருந்தது. இரண்டாம் நாள் நானும் ஒரு தட்டு வைத்துக்கொண்டேன். அவள் பேசிக்கொண்டே சாப்பிட்டாள். பெங்களூரில் கூட இருக்கும் பெண்ணின் குறட்டை, ஆபீசில் மேலதிகாரி போடும் சென்ட், பஸ்ஸில் பார்த்த சண்டை. என் மகள் இத்தனை பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. பேச்சுக்கிடையில் கையிலிருப்பது காலியாகிவிடும்.

ஒரு நாள் சந்தகை வேண்டுமென்றாள். புழுங்கலரிசியை ஊறவைத்து அரைத்து வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் அச்சில் போட்டுப் பிழிய வேண்டும். மூன்று கால் வைத்த இரும்பு அச்சு அது. ஒருவர் மேலே திருக வேண்டும், ஒருவர் கீழே காலைப் பிடித்துக்கொண்டு தட்டை நகர்த்த வேண்டும். ஒற்றை ஆளால் ஆகாது. எங்கள் வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் அடுப்படியில் நின்றதில்லை. அதனால் அச்சு பரண்மேல் துருப்பிடித்துக் கிடந்தது. அதை இறக்கித் தேய்த்து, என் வீட்டுக்காரரைப் பாதித் தீனியில் கூப்பிட்டேன். "ஏனுங்க, செத்த வந்து திருகுங்க."

அவர் தீனிப் புழுதி படிந்த தலையோடு வந்து கை கழுவித் திருகினார். மகள் தட்டைப் பிடித்தாள். தேங்காய்ப்பாலும் நாட்டுச்சர்க்கரையும் ஊற்றி மூன்று பேரும் கீழே உட்கார்ந்து சாப்பிட்டோம். இரண்டாவது செட்டுக் கோழிகள் தீனிக்குக் கத்தோ கத்தென்று கத்தின. "போவுட்டும், ஒரு நாளைக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. மகள் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

அப்படிப் பதினோரு நாள் நடந்தது. அப்போது பங்குனி முடிகிற சமயம். வெயில் ஒரேயடியாக ஏறியது. மத்தியானமானால் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கும், சாயங்காலத்துக்குள் செத்து விழும். வெயிலில் தின்னாது என்பதால் தீனியை விடியலிலேயே முடிக்க வேண்டும். வேலைக்கிருந்த குடும்பம் ஊரில் திருவிழா என்று போயிருந்தது. என் வீட்டுக்காரர் ஒற்றை ஆளாக இரண்டு செட்டையும் பார்த்து, கூரைக்குத் தண்ணீர் அடித்து, செத்ததைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"இன்னைக்கு ஒரு நாள் சாமி" என்று தட்டை வைத்துவிட்டு ஓடினேன். மறுநாளும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள் சொல்லக்கூட இல்லை, மூடி வைத்துவிட்டுப் போய்விட்டேன். அவள் கோபப்படவில்லை. "நீங்க போங்கம்மா" என்றாள். ஐந்தாம் நாள் ஆபீசில் கூப்பிடுகிறார்கள் என்று பெட்டியைக் கட்டினாள். டாக்டர் சொன்ன ஒரு மாதத்துக்கு இன்னும் ஒரு வாரம் பாக்கி. ஆபீசில் கூப்பிட்டார்களோ இல்லையோ, நான் கேட்கவில்லை. பஸ் ஏற்றிவிட அவள் அப்பாதான் போனார். எனக்கு அப்போது செட்டில் வேலை இருந்தது.

அதன் பிறகு தினமும் காலையில் போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்பேன். "ஆச்சுங்கம்மா" என்பாள். கழுவிக் கவிழ்த்த தட்டைப் பார்த்து ஏமாந்தவள் நான், போனில் வரும் குரலை எப்படி நம்புவேன்? நம்பாமல்தான் ஒன்றேமுக்கால் வருஷம் ஓடியது.

இந்தப் பொங்கலுக்கு இரண்டு நாள் வந்தாள். வாசலில் இறங்கியபோதே தெரிந்தது. கன்னத்தின் ஒட்டல் போயிருந்தது, முகத்தில் ரத்தம் இருந்தது. புண் ஆறிவிட்டது என்று டாக்டரும் சொல்லிவிட்டாராம். போனில் அவள் சொன்னது அத்தனையும் நிஜம். காலையில் அவளே ஓட்ஸோ ராகியோ காய்ச்சிக் குடித்துவிட்டுத்தான் கிளம்புகிறாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வேலைக்கு இப்போது இரண்டு குடும்பம் இருக்கிறது. காலைத் தீனிக்கு நான் போவதே இல்லை. மறுநாள் சாமைப் பொங்கல் வைத்து, இரண்டு தட்டு எடுத்துவைத்து, அவளுக்கு எதிரில் போய் உட்கார்ந்தேன். இனி ஒரு வேலையும் இல்லை, அவள் ஒரு மணி நேரம் சாப்பிட்டாலும் எழுந்திருக்கப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவள் போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்து, எதையோ பார்த்தபடி சாப்பிட ஆரம்பித்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு வாய் உள்ளே போனது. அப்புறம் கை தட்டிலேயே அளைந்துகொண்டிருந்தது.

"என்னங்கம்மா?"

"ஒண்ணுமில்ல சாமி, நீ தின்னு."

இன்னொரு வாய் எடுத்தாள். அதை வெகுநேரம் மென்றாள். பிறகு என் கையை ஒரு தடவை தொட்டுவிட்டுச் சொன்னாள். "தப்பா நெனைக்காதீங்கம்மா. தனியாத் தின்னே பழகிருச்சு. இப்பெல்லாம் யாராச்சும் எதுக்க உக்காந்து பாத்தா எனக்கு எறங்க மாட்டேங்குது. நீங்க போயி உங்க வேலையப் பாருங்க."

குத்திக்காட்டவில்லை. அவள் குரலில் அப்படி எதுவும் இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். "சரி கண்ணு" என்று என் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

செட்டுப் பக்கம் வந்தேன். அங்கே எனக்கு வேலை எதுவும் இல்லை. தீனி போட்டு முடித்திருந்தார்கள். மகள் சாப்பிடுகிறாள், உடம்பு தேறிவிட்டது, உனக்கு வேண்டியது அதுதானே என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அதற்கு நான் வேண்டியிருக்கவில்லை என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. அழுகை வந்தது, அழுதேன். அவள் சாப்பிட்டு எழுந்திருக்கும் வரை வீட்டுக்குள் போகாமல் அங்கேயே நின்றேன்.