காகத்துக்குப் பிறகுதான் றக்பி

அவ சொன்னதில அரைவாசிதான் உண்மை, பிள்ளை. நான் காகத்தைக் கூட்டுக்குள்ள அடைச்சு மைதானத்துக்குக் கொண்டுபோனனான் எண்டு உமக்கு ஆர் சொன்னது? அந்த மெரிலேண்ட்ஸ்காரியோ? ஓம், அவவாத்தான் இருக்கும். அவ ஒரு கதையைக் கேட்டா வீட்டை போறதுக்குள்ள அதுக்குக் காலும் செட்டையும் முளைச்சிடும். காகத்தை ஆரும் பிடிக்கேலுமே? நான் கொண்டுபோனது சோத்துக் கரியர். காகம் தன்ர பாட்டிலதான் வந்தது. அதுகும் லேசில வந்ததெண்டு நினையாதையும். உந்தக் கதிரையை இழுத்துப்போட்டு இரும். முதல்ல இருந்து சொல்லுறன்.

எங்கட மூத்த பேரனைக் கண்டிருப்பீர். என்ர மகன்ர மூத்தவன், காலமை ஸ்டேசனுக்கு ஓடுறவன். நாங்கள் ஊரை விட்டுக் கடல் கடந்து இந்த வென்ட்வேர்த்விலுக்கு வந்த புதுசில அவன் கொலிச்சுக்குப் போவான், வருவான், அறைக் கதவைச் சாத்துவான். அவ்வளவுதான். "என்னப்பன், அங்க ஆரோட கதைக்கிறனீ?" எண்டு கேட்டா, "லைப்ரரியில கதைக்கக் கூடாது அப்பம்மா" எண்டுவான். சனி ஞாயிறிலயும் வீடு லைப்ரரியோ? மகன் தன்ர கந்தோரால களைச்சு வருவார், மருமகள் ஆசுப்பத்திரியால களைச்சு வருவா. பகல் முழுக்க வீட்டில இருக்கிறது நான்தானே. அவன் கதையாமல் இருக்கிறது எனக்குத்தான் கேக்கும்.

போன வருசம், இந்த ரோட்டில எல்லாரும் கலர் டீவி வாங்கினவை, அந்த வருசத் தொடக்கத்தில ஒருநாள் கையெல்லாம் உரஞ்சி, காற்சட்டை முழுக்கச் சேறோட வந்து நிண்டான். ஆரோ அடிச்சுப்போட்டாங்கள் எண்டு நான் குழறத் தொடங்கிட்டன். அவன் சிரிக்கிறான். "அப்பம்மா, என்னை றக்பி ரீமில எடுத்திருக்கினம்!"

நடந்தது இதுதான். கொலிச்சு ரீமில விளையாடின பழைய பெடியள் படிப்பு முடிஞ்சு போட்டினம். மிச்சம் பாதி ரீம்தான். பழக்கிற கோச், அந்த மனுசன் கன்ரீன் வாசலில நிண்டு, கால் ரெண்டும் நேரா இருக்கிற எல்லாரையும் மறிச்சுக் கேட்டிருக்கிறார். எங்கட ஆள் பஸ்ஸைப் பிடிக்கிறதுக்கு அந்தக் கூட்டத்துக்குள்ளால வளைஞ்சு வளைஞ்சு ஓடினதைக் கண்டுபோட்டு, பிறகாலயே துரத்திக்கொண்டு போனவராம். "உப்பிடி ஓட எங்க பழகினனீ?" எண்டு கேட்டாராம். "கிளித்தட்டு" எண்டானாம் இவன். அந்த மனுசனுக்கு அதென்ன நாடு எண்டும் விளங்கேல்லை.

நீரும் கிளித்தட்டு மறிச்சு விளையாடியிருப்பீர்தானே? கோட்டில நிக்கிறவன் தொடாமல் ஏமாத்திப் பாயிறது. எங்கட பெடியன் அதில வலு கெட்டிக்காரன். உந்த றக்பியும் கிட்டத்தட்ட அதுதான், என்ன, ஏமாத்தாட்டில் தொடமாட்டாங்கள், ஆளைத் தூக்கி நிலத்தில குத்துவாங்கள். பந்தும் வட்டமில்லை, முட்டை மாதிரி. அதை முன்னுக்கு எறியக் கூடாதாம். பின்னுக்கு எறிஞ்சுகொண்டு முன்னுக்கு ஓடோணுமாம். நான் கேட்டன், "உதென்ன விளையாட்டடா, வீட்டை விட்டு வெளிக்கிடுறவன் பின்னால பாத்துக்கொண்டு போற மாதிரி?" எண்டு. வாயுக்குள்ள ஒரு றப்பர் பல்லும் போடுறவங்கள். எனக்கும் கட்டுப்பல்லு, பேரனுக்கும் கட்டுப்பல்லு. கழுவி வைச்சா எது ஆற்றை எண்டு பாத்துத்தான் எடுக்கோணும்.

மருமகளுக்குத் துண்டாப் பிடிக்கேல்லை. "மாமி, கால் முறிஞ்சா ஆர் பாக்கிறது? படிக்க அனுப்பினதோ, சண்டைபிடிக்க அனுப்பினதோ?" எண்டு ஒரே புறுபுறுப்பு. நான் வாய் திறக்கேல்லை. ஏனெண்டா பிள்ளை, அவன் கதைக்கத் தொடங்கிட்டான். சேத்துச் சப்பாத்தோட குசினி வாசலில நிண்டு கதை, கதை, கதை! புதுசா எடுபட்டவங்களில ஒரு இத்தாலிக்காரப் பெடியன் இருந்தான், எருமைக்கண்டு மாதிரி உடம்பு, குழந்தைப்பிள்ளை மாதிரி மனசு. அவனை வீட்டை கூட்டிக்கொண்டு வருவான். அது என்ர இடியப்பத்தைக் கண்டிட்டு, தங்கட வீட்டிலயும் நூல் நூலாச் சாப்பிடுறவையாம், ஆனா ஏன் நீங்கள் இதைச் சுருட்டி வைக்கிறியள் எண்டு பேரனைக் கொண்டு கேட்டுது. சொதியோட ஒரு தட்டு இடியப்பமும் தின்னும். "கிரான்மா, குட்!" எண்டும். எனக்கு இங்கிலீசில யெஸ், நோ, தாங்கியூ மட்டுந்தான். அது காணும். தின்னுற பெடியனுக்கு வேறென்ன சொல்லக் கிடக்கு?

முதல் ஆட்டமெல்லாம் தோல்வி. வாற கிழமை வெல்லுவம், வாற கிழமை வெல்லுவம் எண்டு தோத்துக்கொண்டே இருந்தாங்கள். மற்றப் பக்கத்துக்காரர் "இது ரீமோ, பஸ்ஸுக்குக் காத்து நிக்கிற ஆக்களோ?" எண்டு பகிடி பண்ணினவங்களாம். குளிர் தொடங்கினாப் பிறகு எப்பிடியோ ஒண்டு வெண்டாங்கள். பிறகு இன்னொண்டு. இத்தாலிக்காரன் இடிச்சு வழி விடுவானாம், எங்கட ஆள் அதுக்குள்ளால பாயுவானாம். ஆடு மேய்ஞ்ச மாதிரி அங்கொண்டு இங்கொண்டா வெண்டு, ஒருமாதிரி அரையிறுதிக்கு வந்திட்டாங்கள்.

அங்கதான் சனீஸ்வரன் வந்தார்.

அரையிறுதி நடந்தது புரட்டாதியில, முதல் சனிக்கிழமை. பேரனுக்கு ஏழரைச் சனி நடக்குது. ஒவ்வொரு புரட்டாதிச் சனியும் விரதம் பிடிப்பான், எள்ளெண்ணெய் எரிப்பான் எண்டு நான்தான் நேர்ந்து வைச்சனான். உமக்குத் தெரியுந்தானே, உச்சிக்குப் பிறகு காகத்துக்குச் சோறு வைச்சு, அது கொத்தினாப் பிறகுதான் நாங்கள் வாயில வைக்கலாம். ஊரில அது பிரச்சினையில்லை, இலையை எடுக்க முதலே கூரையில வந்து நிக்கும். இங்கத்தைக் காகம் வேற சாதி. கண் வெள்ளை. குழந்தைப்பிள்ளை சிணுங்கிற மாதிரி ஆஆ எண்டு இழுத்துக் கத்தும். தான் நினைச்ச நேரம்தான் வரும். அண்டைக்கு ஆட்டம் தூர இடத்தில, பெடியன் காலமையே வெளிக்கிட்டுப் போட்டான். ஒண்டும் தின்னேல்லை. பின்னேரம் கோச் தன்ர காரில கொண்டுவந்து இறக்கினார். முகம் வெள்ளைக் கடதாசி மாதிரி. ஆட்டத்தின்ர நடுவில தலைசுத்தி இருந்திட்டானாம். மற்றவங்கள் பாடுபட்டு வெண்டிட்டாங்கள்.

கோச் குசினிக்குள்ள வந்து இருந்தார். பெரிய மனுசன், வெயிலில கருகின சிவத்த முகம். நான் தேத்தண்ணி வைச்சன். அவர் சொல்லச் சொல்ல மகன் தமிழில சொன்னார். "இவர் சொல்லுறார், பெடியன் எங்கட ரீமின்ர உயிராம். ஆனா வெறும் வயித்தோட வந்தா இறக்கமாட்டாராம். மற்றவங்கள் மோதினா முறிஞ்சுபோவானாம். வாற சனிக்கிழமை இறுதியாட்டம். சாப்பிட்டு வந்தாத்தான் இடம், இல்லாட்டில் வெளியில இருக்க வேண்டியதுதானாம்."

அவர் போனோடன வீடு ரெண்டுபட்டுது. மகன் சொன்னார், "விரதத்தை விடு." மருமகள் சொன்னா, "விளையாட்டை விடு." நான் பேரனின்ர முகத்தைப் பாத்தன். கதவு சாத்துற காலத்து முகம் திரும்ப வந்திருந்துது. "அப்பன், நேர்ந்தது நான். நீ தின். சனீஸ்வரனோட நான் கதைச்சுச் சமாளிக்கிறன்" எண்டன்.

"நேர்ந்தது நீங்கள், அப்பம்மா, ஆனா பிடிக்கிறது நான்" எண்டான். "பந்து கைக்கு வந்தா அரைவழியில போடக் கூடாது எண்டுதான் கோச்சும் சொல்லித் தாறவர். நான் விரதத்தையும் விடன், ஆட்டத்தையும் விடன்."

"ரெண்டையும் எப்பிடியடா?" எண்டு தாய் கத்தினா.

அந்தக் கிழமை முழுக்க எனக்கு அதுதான் யோசினை. வியாழக்கிழமை வெங்காயம் உரிச்சுக்கொண்டு இருக்கேக்கை வந்துது. காகம் வீட்டுக் காகமா இருக்கோணும் எண்டு எந்தச் சாத்திரத்தில கிடக்கு? மகனைக் கேட்டன், "தம்பி, இறுதியாட்டம் நடக்கிற இடத்தில மரம் கிடக்கோ?" எண்டு. நார்த்மீட் பக்கமாம், ஒரு வாய்க்கால், கரையெல்லாம் பெரிய யூக்கலிப்ரஸ் மரமாம். "அப்ப காகமும் கிடக்கும். நான் வாறன்" எண்டன். மகன் என்னை ஏற இறங்கப் பாத்தார். ஆனா சனிக்கிழமை விடிய நான் குசினிக்குப் போக முதல் மருமகள் அங்க நிக்கிறா. பயறு வறுத்து, கத்தரிக்காய் வதக்கி, கரியரில அடுக்கிக்கொண்டு. நான் மூடியை எடுத்துக் குடுத்தன். இங்க வாழை இல்லை, பக்கத்து வளவில கல்வாழை இலை ரெண்டு வெட்டினன்.

மைதானத்தில ஒரு தகரக் கொட்டில், ஒரு வேலி. உச்சி திரும்பினோடன வேலிக்கட்டையில இலையை விரிச்சு, எள்ளுப் போட்ட சோறு வைச்சு, "கா கா" எண்டு கூப்பிட்டன். கடல் புறாதான் வந்துது, வெள்ளையா, கூட்டமா. துரத்தினன். பிறகு உந்தக் கறுப்பும் வெள்ளையுமான குருவி இருக்கெல்லோ, ஆக்களின்ர தலையில கொத்துறது, மக்பை, அது வந்து ஒரு வாய் எடுத்துது.

"பாதி கறுப்புத்தானே," எண்டன் பேரனுக்கு. "பாதி விரதம் முடிஞ்சுது எண்டு வைப்பமோ?"

"பகிடி விடாதேங்கோ அப்பம்மா" எண்டான். உடுப்பு மாத்தி நிக்கிறான். ஆட்டம் தொடங்க நேரம் கிட்டுது. மரத்தில காகம் இருக்கு, பிள்ளை, ஒண்டில்லை, நிறைய. இருந்துகொண்டு எங்களைப் பாக்குதே ஒழிய இறங்குதில்லை.

இத்தாலிக்காரன் வந்து என்னெண்டு கேட்டான். பேரன் சொன்னான். அவன் சிரிப்பான் எண்டு நினைச்சன். அவன் திரும்பி மற்றவங்களுக்கு ஒரு சத்தம் போட்டான். ரீம் முழுக்க ஓடிவந்து வேலியோட நிண்டு "கா! கா! கா!" எண்டு கத்துறாங்கள்! மற்றப் பக்கத்துக்காரர் இது ஏதோ பயமுறுத்திற மந்திரம் எண்டு நினைச்சு விறைச்சுப்போய் நிக்கிறாங்கள். காகம் இன்னும் மேல்கொப்புக்குப் போட்டுது.

கோச் விசிலையும் கொண்டு பாய்ஞ்சு வந்தார். விசயம் தெரிஞ்சோடன ஏசப்போறார் எண்டு இருந்தன். அவர் மரத்தை அண்ணாந்து பாத்துப்போட்டு ஏதோ சொன்னார். மகன் சொன்னார், "அம்மா, இவர் செம்மறியாட்டுப் பண்ணையில பிறந்தவராம். இந்தக் காகத்தைப் பண்ணைக்காரர் சுடுறவையாம். அதால ஆக்கள் பாத்துக்கொண்டு நிண்டா இறங்காதாம். எல்லாரையும் முதுகைக் காட்டட்டாம்."

நம்புவீரோ? அவ்வளவு பெடியளும் வரிசையா முதுகைக் காட்டிக்கொண்டு, மூச்சுக்காட்டாமல் நிக்கிறாங்கள். நானும் திரும்பி நிண்டன். மகனும் மருமகளும் திரும்பி நிக்கினம். பின்னால இலை சரசரக்குது. ஒருத்தரும் அசையேல்லை. கோச் மட்டும் கடைக்கண்ணால பாத்து, மெல்லமா, "யெஸ்" எண்டார். அது எனக்கு விளங்கின இங்கிலீசு!

பேரன் நிண்ட நிலையில ரெண்டு பிடி சோறு வாயில வைச்சான். கூடத் தின்னாதை எண்டு கோச் சொன்னவராம். தாய் தண்ணி குடுத்து, அவன்ர வாயைத் தன்ர சேலைத் தலைப்பால துடைச்சுவிட்டா. ஓடிப் போட்டான்.

ஆட்டம் என்னெண்டு என்னைக் கேளாதையும். பாதி நேரம் நான் கண்ணை மூடிக்கொண்டு இருந்தன். ஒருக்கால் திறக்கேக்கை பந்து இவன்ர கையில. ரெண்டு மலை மாதிரி ஆக்கள் வாறாங்கள். இவன் இடப்பக்கம் சாயிறமாதிரிக் காட்டி வலப்பக்கம் போட்டான். அவங்கள் ரெண்டுபேரும் ஆளையாள் மோதிக்கொண்டு விழுந்தாங்கள். கோட்டுக்கு அங்கால போய் பந்தை வைச்சான். பக்கத்தில எழும்பி நிண்டு தொண்டை கிழியக் கத்தினது ஆர் தெரியுமோ? மருமகள்! ஆசுப்பத்திரியில சத்தம் போடாதேங்கோ எண்டு மற்றவையை ஏசுறவ.

தோத்ததுதான், ஓம். கடைசியில அவங்கள் பந்தைக் கம்பத்துக்கு மேலால ஒரு உதை உதைச்சு வெண்டிட்டாங்கள். எனக்கு அது ஒரு தோல்வி மாதிரித் தெரியேல்லை. கரியரில மிச்சச் சோறு கிடந்தது. ரீம் முழுக்கச் சேத்துக் கையோட சுத்தி நிண்டு வழிச்சுத் துடைச்சாங்கள். கோச் கத்தரிக்காய்ப் பொரியலைத் தின்னுபோட்டுக் கண்ணீர் வடிச்சார், உறைப்பு! பேரனின்ர முதுகில தட்டி, அடுத்த வருசம் புதுசா வாறவங்களைப் பழக்கிறது நீதான் எண்டார். அவனுக்கு வெக்கத்தில பேச்சு வரேல்லை. அது வேற மாதிரிப் பேசாமை, பிள்ளை, எனக்கு வித்தியாசம் தெரியும்.

இப்ப புதுப் பெடியள் வந்திட்டாங்களாம். அதில ஒருத்தன், எந்த நாட்டுப் பிள்ளையோ, வந்து ஒரு கிழமையாகியும் வாய் திறக்கிறானில்லையாம். "அவனை ஒருத்தரும் அவசரப்படுத்தாதேங்கோ, என்னட்டை விடுங்கோ" எண்டு இவன் சொல்லியிருக்கிறான். இண்டைக்கு மத்தியானம் எல்லாரையும் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வாறான். நான் அந்தப் பிள்ளையை எனக்குக் கிட்ட இருத்தி... ஐயோ, மணக்குதெல்லோ! பருப்பு அடிப்பிடிக்குது. எழும்பும் பிள்ளை, வழியை விடும், நான் அடுப்பைப் பாக்கோணும்.