முறத்தில் புடைத்த கார்

எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. நான் அம்பத்தூரில் பிறந்து வளர்ந்து குமணன்சாவடியில் வாழ்க்கைப்பட்டவள். என் கணவர் பெங்களூர் ரோட்டோரம் ஒரு லாரி ஷெட்டில் மெக்கானிக். அவரிடம் சொந்தமாக ஒரு கார் இருந்தது. மெக்கானிக்கிடம் காரா என்று வாயைப் பிளக்க வேண்டாம். ஆவடியில் மிலிட்டரிக்காரர்கள் ஏலம் விட்டபோது இரும்பு விலைக்கு எடுத்து வந்த, வெள்ளைக்காரன் காலத்துப் பழைய வண்டி. மேலே கான்வாஸ் துணிதான் மூடி. அதையும் பின்னால் மடக்கிவிட்டால் திறந்த கார். அந்தக் காலத்தில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் திறந்த கார்தானே? முகூர்த்த நாட்களில் வாடகைக்குப் போகும்.

ஆனால் பார்க்கச் சகிக்காது. பச்சையும் சாம்பலுமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். கதவைச் சாத்தினால் துரு உதிரும். 'ஓட்டைப் பல்லக்கு' என்று நானே கேலி செய்வேன். நான் சொல்லலாம், வேறு யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் தங்கையின் நிச்சயதார்த்தத்தன்று அப்படித்தான் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணம் மாங்காட்டில், தை மாதத்து முதல் முகூர்த்தத்தில் என்று முடிவானதும், மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டி யார் ஏற்பாடு என்று பேச்சு வந்தது. என் கணவர் ஆசையாக, "நம்ம வண்டியே கீதுங்க" என்றார். மாப்பிள்ளையின் சித்தப்பா வெற்றிலையை மென்றபடியே சிரித்தார்.

"அந்தத் தகர டப்பாவா? எங்க பையனை அதுல உக்கார வெச்சா மாங்காடே சிரிக்கும்."

என் அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்பத்தூர் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர் அவர். மூத்த மருமகனின் நகக் கண்ணில் கிரீஸ் இருப்பது அவருக்கு எப்போதுமே ஒரு குறை. தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டே, "வெளியில நல்ல வண்டியா பார்த்துடலாம்" என்றார். என் கணவர் கோபப்படவில்லை. "தை பொறக்கிற வரைக்கும் டைம் குடுங்க. வண்டியப் பாருங்க. புடிக்கலன்னா நானே வேற வண்டி கொண்டாறேன்" என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "வாய் குடுத்துட்டு வந்துட்டீங்களே, ஆகுமா?" என்று கேட்டேன்.

"மார்கழி கீதுல்லமே" என்றார்.

அதுதான் கணக்கு. மார்கழியில் யாரும் கல்யாணம் வைக்கமாட்டார்கள். மாதம் முழுவதும் வண்டிக்கு வேலை கிடையாது. அதற்குள் பிரித்து, உரித்து, ஒட்டுப்போட்டு, பெயின்ட் அடித்துப் பழையபடி மாட்டிவிட வேண்டும்.

மார்கழி பிறந்ததும் தெருவில் மற்ற வீடுகளில் கோலத்துக்குப் பூசணிப்பூ வைத்தார்கள். எங்கள் வீட்டுக் கொல்லையில் காருக்கு ஜாக்கி வைத்தார்கள். என் கணவரின் கூட்டாளி ஒருவர் பூந்தமல்லியில் டிங்கர் வேலை செய்பவர், தகரம் தட்டி ஒட்டுவதில் கெட்டிக்காரர். சாயங்காலம் ஷெட்டு வேலை முடிந்ததும் இருவரும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். "மேலாப்புல பெயின்ட் அட்ச்சா ஒரு மழைக்குத் தாங்காது மாமே. மொத்தத்தையும் கழட்டி உரிச்சிடணும்" என்றார் டிங்கர் அண்ணன். பம்பர், ஹெட்லைட், கண்ணாடி, சீட்டு, கதவு, பானட் என்று ஒவ்வொன்றாக இறங்கியது. துரு ஏறின நட்டுகள் லேசில் மசியுமா? டீசல் ஊற்றி ஊற வைத்தார்கள், சுத்தியலால் தட்டினார்கள், கெட்ட வார்த்தையில் திட்டிக்கூடப் பார்த்தார்கள். கதவுக்கும் பம்பருக்கும் உரிய இரும்புப் பட்டைகளில் சில நட்டுகள் உயிரே போனாலும் அசையமாட்டேன் என்று நின்றன. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பட்டையோடு சேர்த்தே எடுத்து வைத்தார்கள்.

கழற்றியதையெல்லாம் இரண்டு பேரும் ஒரே சட்டியில் போட்டுக்கொண்டே போனார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"திரும்ப மாட்டும்போது எது எங்க போவும்னு எப்படித் தெரியும்?"

"அதெல்லாம் கை சொல்லும்மே."

கை சொல்லுமாம்! காலையில் கழற்றி வைத்த சட்டையைச் சாயங்காலம் தேடுகிற மனுஷர். நான் உள்ளே போய் என் பழைய புடவைகளை எடுத்து வந்து கிழித்தேன். இடது கதவின் நட்டும் போல்ட்டும் கைப்பிடியும் மஞ்சள் புடவைத் துண்டில் ஒரு முடிச்சு; அதே மஞ்சளில் ஒரு கீற்று கிழித்து அந்தக் கதவிலும் கட்டினேன். வலது கதவுக்கு அரக்கு, ஹெட்லைட்டுக்குக் கட்டம் போட்டது. டிங்கர் அண்ணன் முதல் நாள் சிரித்தார். மறுநாளே, "தங்கச்சி, பம்பருக்கு இன்னா பொடவை?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். என் பழைய புடவைகள் தீர்ந்ததும் மாமியாருடைய கிழிசல் சுங்குடி ஒன்றையும் எடுத்துக் கிழித்தேன். கேட்டுவிட்டுக் கிழித்திருக்கலாம்தான். "என் பொடவையில ஆணி மூட்டை கட்றா பாரு" என்று அவர் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்புறம் பெயின்ட்டை உரித்தார்கள், நானும் சேர்ந்துகொண்டேன். காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரைத் துணியால் ஒற்றி, ஊறியதும் தகட்டால் சுரண்ட வேண்டும். கையில் பட்டால் தோல் வழன்றுவிடும். வெங்காயம் உரிப்பது போல ஒவ்வொரு தோலாக வந்தது. சாம்பல் போய் மிலிட்டரிப் பச்சை, பச்சை போய் நீலம், எல்லாவற்றுக்கும் அடியில் பாலேடு மாதிரி ஒரு வெள்ளை. என் கணவர் அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "பொறந்தப்போ இந்தக் கலர்ல பொறந்துகீதுமே" என்றார். என்ன கலர் அடிப்பது என்ற பேச்சு அதோடு முடிந்தது.

அதையும் உரித்து வெறும் தகரம் தெரிந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓட்டை இல்லாத இடம் கொஞ்சம்தான். டிங்கர் அண்ணன் அசரவில்லை. வண்டிக் கூட்டையும் கதவுகளையும் பூந்தமல்லிக்குக் கொண்டுபோய், அரித்த இடத்தை வெட்டி எறிந்து புதுத் தகரம் வைத்துப் பற்றவைத்தார். மார்கழிப் பனியில் பெயின்ட் அடித்தால் பளபளப்பு மங்கிப் பூத்துப்போகும் என்று, உச்சி வெயிலில் மட்டும் அடித்துக் காயவைத்தார்கள். போகிக்கு முந்தின நாள் சாயங்காலம் வண்டிக் கூடு பாலேடு நிறத்தில் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. புதுப்பெண்ணைப் பார்க்கிற மாதிரி தெருவே வந்து பார்த்தது. இனி மாட்டுவதுதான் பாக்கி.

மறுநாள் காலை, பையன்கள் தட்டும் போகி மேளச் சத்தத்தில் விழித்தேன். வாசலுக்கு வந்தால், எங்கள் வீட்டுக்கு முன்னால் போகித் தீ ஓங்கி எரிகிறது. தெருவிலேயே எங்கள் தீதான் பெரிசு. பரவாயில்லையே என்றுகூட நினைத்தேன். அப்போதுதான் தீக்குள் ஒரு மஞ்சள் துணி சுருண்டு கருகுவதைப் பார்த்தேன். என் மஞ்சள் புடவை!

முடிச்சுகளையும் நட்டு கழலாத அந்தப் பட்டைகளையும் கோணியில் போட்டுத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். மாமியார் போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்தவர், அந்தக் கந்தல் மூட்டையைப் பக்கத்து வீட்டுப் பையன்களை விட்டு இழுக்கச் சொல்லி நெருப்பில் போட்டுவிட்டார். டீசலில் ஊறின துணியாயிற்றே, எரியக் கேட்பானேன்?

"அத்தே! இன்னா பண்ணிட்டீங்க!"

"ஊட்ல கந்தலை வெச்சிக்கினு பொங்கல் வெக்கிறதா? ஈரத் துணி, அதான் கனமா கீதுன்னு..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் வாயில் கையை வைத்துக்கொண்டார்.

யாரோ குடத்துத் தண்ணீரோடு ஓடி வந்தார்கள். உள்ளேயிருந்து பாய்ந்து வந்த என் கணவர் தடுத்துவிட்டார். பழுக்கக் காய்ந்த இரும்பில் தண்ணீர் பட்டால் நொறுங்கிப் போகுமாம். தீ தானாக அடங்கிச் சாம்பல் சூடு ஆறும்வரை எல்லோரும் சும்மா நின்றோம். அடங்கியதும் பார்த்தால் சாம்பல் மேடு. அதற்குள் நட்டு, போல்ட்டு, வாஷர், ஸ்குரு எல்லாம் கலந்து கரிக்கட்டையாகக் கிடந்தன. மஞ்சளும் இல்லை, அரக்கும் இல்லை. முடிந்து வைத்திருந்த இடது கதவுக் கைப்பிடி ஈயம் மாதிரி உருகி ஒரு கட்டியாகிவிட்டிருந்தது.

என் கணவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "போச்சுமே. வேற வண்டி பாத்துக் குடுத்துடலாம்" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்து நான் கேட்டதே இல்லை. அந்தச் சித்தப்பா சிரித்த சிரிப்பும், அப்பா தாம்பாளத்தைப் பார்த்த பார்வையும் எனக்கு நினைவு வந்தன. வந்ததே ஒரு ஆத்திரம். விடுவிடு என்று உள்ளே போய் முறத்தை எடுத்து வந்தேன். சாம்பலை வாரிப் போட்டு, தெருவிலேயே குந்திப் புடைக்க ஆரம்பித்தேன்.

புடைப்பதில் நான் சோடை போகமாட்டேன். சாம்பல் பறந்தது. கனத்த போல்ட்டு என் பக்கம் தங்கியது, வாஷர் முறத்தின் நடுவில் நின்றது, குட்டி ஸ்குருவெல்லாம் விளிம்புக்குப் போனது. முகமெல்லாம் சாம்பல் அப்பிப் பேய் மாதிரி இருந்தேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இன்னொரு முறம் தட்டுகிற சத்தம் கேட்டது. மாமியார். தலை நிமிராமல் புடைத்துக்கொண்டே இருந்தார். அவரைப் பார்த்து எதிர்வீட்டு அம்மா வந்தார், அப்புறம் பக்கத்து வீட்டு அக்கா. குளித்துவிட்டு வந்தவர்கள்கூடச் சாம்பலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று, "இன்னாம்மா புடைக்கிறீங்க, கேவுறா கம்பா?" என்றார்.

"காரு!" என்றேன்.

டிங்கர் அண்ணன் செய்தி கேட்டு ஓடி வந்து தலையில் கையை வைத்தார். பிறகு, அன்று நட்டு அசையவே அசையாத அந்தப் பட்டைகளில் ஒன்றைச் சாம்பலிலிருந்து எடுத்து, சும்மா ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினார். நட்டு வழுக்கிக்கொண்டு கழன்று வந்தது. சூட்டில் துரு விட்டுப்போயிருந்தது.

"அடக் கடவுளே! டீசல்ல ஊற வெச்சி நாம மண்டைய ஒட்ச்சிக்கினோம். உங்கம்மா ஒரே தீயில கழட்டிட்சி மாமே!"

மாமியார் அன்று முதன்முதலாகச் சிரித்தார். என் கணவரும் எழுந்து வந்தார்.

பொங்கல் விடுமுறை முழுக்க மாட்டும் வேலைதான். கனம் தாங்குகிற போல்ட்டுகள் தீயில் வலுவிழந்திருக்கும் என்று, அவற்றுக்கு மட்டும் ஷெட்டிலிருந்து புதிது கொண்டுவந்தார்கள். மற்றதையெல்லாம் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, இது சேருமா அது சேருமா என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தோம். பெயின்ட்டுக்காக அவிழ்த்து, கூடு வந்த அன்றே கதவிலும் லைட்டிலும் நான் திரும்பக் கட்டிய கீற்றுகள் அப்படியே இருந்தன. மஞ்சளில் நீளமாக நாலு முடிந்தோமே, கட்டத்தில் பித்தளை ஸ்குரு அல்லவா முடிந்தோம் என்று எனக்கும் நினைவு வந்துகொண்டே இருந்தது. கை சொல்லும் என்று அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் சொன்னது என் கை.

கடைசியில் இடது கதவுக் கைப்பிடிதான் நின்றது. திறந்த வண்டி என்பதால் உள்ளே கையை விட்டுத் தாழ்ப்பாளை நீக்கிக்கொள்ளலாம். ஆனால் வெளியே பிடித்து இழுக்க ஒன்று வேண்டுமே? மாப்பிள்ளை ஏறுகிற கதவு அதுதான். எனக்குச் சீராக வந்த மரப்பெட்டியின் பக்கத்தில் பித்தளைப் பிடி ஒன்று இருந்தது. அதைக் கழற்றிக் கொடுத்தேன்.

"உங்கப்பா குடுத்த பெட்டிமே" என்று தயங்கினார்.

"பெட்டி எனக்குக் குடுத்தது. பிடியும் என்னுதுதான். மாட்டுங்க" என்றேன். புளி போட்டுத் தேய்த்ததில் தங்கம் மாதிரி மின்னியது.

மாப்பிள்ளை அழைப்பு சாயங்காலம் மாங்காட்டில் கோயில் தெருமுனையில் எங்கள் வண்டி திரும்பியபோது மேளக்காரர்கள்கூட ஒரு கணம் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பாலேடு நிறத்தில், மல்லிகைச் சரம் சுற்றி, ஹெட்லைட் இரண்டும் பளிச்சென்று எரிய ராஜா மாதிரி வந்தது. அந்தச் சித்தப்பா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "ஜோரான வண்டி சம்பந்தி! எங்க பிடிச்சீங்க?" என்று என் அப்பாவைக் கேட்டார்.

மாப்பிள்ளையை ஏற்றுவதற்காகக் கதவைத் திறக்கப் போன அப்பாவின் கை பித்தளைப் பிடியில் இருந்தது. அவர் தேடித் தேடி வாங்கிய பெட்டி அது, அவருக்கா தெரியாது? விரலால் அதை ஒருமுறை தடவினார். திரும்பி என்னைப் பார்த்தார். காஸ்டிக் சோடா தின்ற என் விரல்களைப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. பிறகு, மேளச் சத்தத்தை மீறி எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

"எங்கயும் பிடிக்கலைங்க. எங்க மூத்த மாப்பிள்ளை வண்டி. அவரும் எங்க பொண்ணும் சேர்ந்து கழட்டி மாட்டினது."

அதோடு விடவில்லை. புது மாப்பிள்ளையைப் பின்சீட்டில் உட்காரவைத்துவிட்டு முன்பக்கம் வந்து, "நான் உங்க பக்கத்துல உக்காந்துக்கறேன் மாப்பிள்ளை" என்று என் கணவருக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். என் கணவர் ஹாரனை நீளமாக அடித்தார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஊர்வலத்துக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தபோது மாமியார் என் கையைச் சுரண்டி, "என் சுங்குடியும் அதுல கீதுன்னு உங்கப்பாவாண்ட சொல்லு" என்றார்.

சொன்னேன், மறுநாள் பந்தியில், எல்லோர் முன்னாலும். அந்தக் காரும் போய்விட்டது, அவர்களில் பலரும் போய்விட்டார்கள். ஆனால் இன்றைக்கும் வீட்டில் யாராவது "போச்சு, விட்டுடலாம்" என்றால், என் கை தானாக முறத்தைத் தேடுகிறது.