சிட்னி எடுத்துக்கொண்ட அரை மணி

காவல் வேலை முடிந்து விடிகாலை ஐந்தரைக்கு வந்த நெஸ்டோர், சட்டைகூட மாற்றாமல் பூண்டு நசுக்கிப் போட்டுப் பழைய சோற்றை வதக்கினான். அவனும் மனைவி டெல்ஃபாவும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது இந்த அரை மணியில்தான். ஆறு மணிக்கு அவள் இலோயிலோ ஊரிலுள்ள தங்கள் வீட்டிலிருந்தே சிட்னி பல் மருத்துவர் ஒருவரின் முன்பதிவுகளைக் கவனிக்கத் தொடங்குவாள்.

இன்று அவள் ஏற்கெனவே கணினி முன் இருந்தாள். நேற்று சிட்னியில் வருடாவருடம் கோடைக்குச் செய்வதுபோலக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிட்டார்கள். அவள் இலோயிலோ நேரத்தில் போட்டுவைத்த பதிவுகளெல்லாம் அங்கே ஒரு மணி நேரம் தாமதமாகக் காட்டின. ஒவ்வொருவராக அழைத்து, மன்னிப்புக் கேட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள்.

“நம்ம ஊர்ல சூரியன் நேத்து மாதிரிதானே வந்துச்சு?” என்றபடி நெஸ்டோர் இரண்டு தட்டுகளையும் மேசையில் வைத்தான்.

“சூரியனா எனக்குச் சம்பளம் குடுக்குது? இனிமே அஞ்சு மணிக்கே உக்காரணும்.”

“எதுவரைக்கும்?”

“ஏப்ரல் வரைக்கும்.”

அவன் அக்டோபரிலிருந்து மாதங்களை எண்ணிப் பார்த்தான்.

“ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் நேரம் மாத்திக் குடுக்கறே. நமக்கும் ஒரு அரை மணி கேட்டுப் பாரேன், டெல்ஃபா. கேப்பியா?”

அழைப்பு வந்தது. டெல்ஃபா அவன் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, “காலை வணக்கம்” என்று பேசத் தொடங்கினாள்.

நெஸ்டோர் தன் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு அறையைவிட்டுப் போனான்.