பாகியோ குளிரில் காயாத பசை

பின்னறையிலிருந்து 'கிர்ரக்' என்று ஒரு சத்தம் வந்தது. அது எதன் சத்தம் என்று ஹெர்மினியாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.

உடைந்த பிளாஸ்டிக் சாமான்களை ஒட்டிக்கொடுக்கும் அவளுடைய பட்டறை அதுதான். எதிர்வீட்டு வேன்காரன் இஸ்கோ திகைத்து நின்றிருந்தான். கையில் அவன் வண்டியின் கூலன்ட் டப்பா, இன்ஜின் சூட்டைத் தணிக்கும் தண்ணீர் நிற்கும் பிளாஸ்டிக் டப்பா. நேற்று மாலைதான் விரிசலைத் தேய்த்து, எண்ணெய் போகக் கழுவி, எபாக்ஸி பசை பூசி, எரியும் பல்பின் பக்கத்தில் வைத்திருந்தாள். காய்ந்துவிட்டதா என்று பார்க்க மூடியைப் பலங்கொண்ட மட்டும் இறுக்கியிருக்கிறான். விரிசல் மறுபடி வாயைப் பிளந்திருந்தது.

"உன் கை கையா, இடுக்கியா?"

"ஒரு நாள்ல காஞ்சிரும்னுதானேக்கா டியூப்ல போட்டிருக்கு?"

"அது மணிலா வெயிலுக்குடா. இந்த பாகியோ மலைப் பனியில துணியே மூணு நாள் காயாது. ரெண்டு நாள் கழிச்சு வான்னு சொன்னேனா இல்லியா?"

இஸ்கோ தலைகுனிந்தான். அவன் மகள் ஜோவெலின் இன்றிரவு மணிலாவில் விமானம் ஏறுகிறாள். தோஹாவில் வீட்டு வேலை. இரண்டு வருடம் முகம் பார்க்க முடியாது. வழியனுப்பக் குடும்பமே கிளம்பி, சோற்றுப் பொட்டலங்களோடு காலையிலேயே வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டது. பதினொரு பேர்.

"இன்னொரு தடவ பூசிக் குடுக்கா. மெதுவா ஓட்டறேன்."

ஹெர்மினியா முக்காலியில் சரிந்தாள். கணவன் செத்த பிறகு பதினேழு வருடமாக இதே பசை நாற்றம், இதே கெஞ்சல். பூசிக் கொடுப்பது சுலபம். மாட்டேன் என்று சொல்லத்தான் உடம்பில் தெம்பு வேண்டியிருந்தது.

"மாட்டேன். மலையிறங்கி வெயில்ல ஓடறப்ப இது பிளந்தா, வண்டி நடுரோட்டுல நின்னுரும். அவ விமானமும் போயிரும். பஸ்ஸப் புடிங்க."

"பதினோரு பேருக்கு பஸ்ஸுல எடமாக்கா? அவ தம்பிங்க ராத்திரி பூரா தூங்கல."

"நீயும் உன் பொண்டாட்டியும் அவளக் கூட்டிட்டுப் போங்க. மத்தவங்க இங்கயே கட்டிப்புடிச்சு அழட்டும். என் மகன் கப்பல் வேலைக்குப் போனப்ப, நான் இந்த வாசலத் தாண்டல. கையில அப்பத்தான் ஒட்டின டப்பா. விட்டா பிரிஞ்சிரும். அவனுக்குக் கைகூட ஆட்டலடா."

இஸ்கோ மூக்கை உறிஞ்சினான். "பசங்ககிட்ட நான் என்னன்னு சொல்ல?"

"எதிர்வீட்டுக்காரி கல்நெஞ்சுக்காரின்னு சொல்லு."

அவன் டப்பாவை மேசைமேல் மெல்ல வைத்துவிட்டு வெளியே நடந்தான். வேனுக்குள் யாரோ கேலி பேச, எல்லோரும் சிரிப்பது கேட்டது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஹெர்மினியா கதவைச் சாத்தினாள்.